பிழையில்லாத மனு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. என் எதிரில் யார் இங்கிலீஷில் தப்பு விட்டாலும் வாய் சும்மா இருக்காது. தலைமையாசிரியர், "இதை நாளைக்கு டிஸ்கஸ் அபவுட் பண்ணலாம்" என்றால், "டிஸ்கஸ் போதும் சார், அபவுட் வேணாம்" என்பேன். "ரிட்டர்ன் பேக்" என்று சொன்ன டாக்டரைத் திருத்தியிருக்கிறேன். "கசின் பிரதர்" என்று எழுதி வந்த ஒரு கடிதத்தில் பிரதரைச் சிவப்பு மையால் அடித்து, எழுதியவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுதியவர் என் நைனாவின் தங்கை மகன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம். செஞ்சி கடைத்தெருவில் மளிகையும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரமும் பார்த்த சமண நயினார் ஒருவர் பொட்டலம் கட்ட வாங்கிப் போட்டிருந்த பழைய தாள்களில் அது கிடந்தது. நம் ஆட்கள் இங்கிலீஷில் வழக்கமாக விடும் தப்புகளை ஒரு பக்கமும் சரியான வாக்கியத்தை இன்னொரு பக்கமும் போட்டிருந்தார்கள். அட்டை கிடையாது. முதல் சில பக்கங்கள் ஏற்கெனவே மிளகாயோடு யார் வீட்டுக்கோ போய்விட்டிருந்தன. "டீச்சரம்மா, உங்களுக்கு ஆவும்னா எடுத்துனு போங்க" என்றார் நயினார். எனக்கு யாரும் இங்கிலீஷை ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தட்டுத்தடுமாறித்தான் பாஸ் செய்தேன். பயிற்சிப் பள்ளியில் நான் வாய் திறந்தபோது சிரித்தவர்கள் இருக்கிறார்கள். இனி ஒருத்தர் சிரிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் அந்தப் புத்தகத்தை மூன்று வருஷத்தில் வரிவரியாக மனப்பாடம் செய்தேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போய், அங்கிருந்து சங்கராபுரம் போய், அதற்கப்புறம் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கணவர் செஞ்சியிலேயே தமிழாசிரியர். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து சில மாதங்கள். அவள் செஞ்சியில்தான் வளர்ந்தாள். வளர்த்தது என் நாத்தனார், கணவரின் அக்கா. கல்யாணமாகி ஐந்தாவது வருஷமே கணவனை இழந்து, குழந்தை குட்டி இல்லாமல், தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பி, பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து சேருவேன். வாசலிலேயே மகளைப் பார்த்துக் கையை நீட்டுவேன். அவள் உடனே வரமாட்டாள். திரும்பி அவள் அத்தையின் முகத்தைப் பார்ப்பாள். அவர் "போ, அம்மாதான், போ" என்று தலையாட்டிய பிறகுதான் வருவாள். ஞாயிறு மத்தியானம் நான் திரும்பப் புறப்படும்போது ஆரம்பத்தில் அழுதுகொண்டிருந்தவள், பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். கையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு போவேன்.

எப்படியாவது செஞ்சிக்கு மாற்றல் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். மனு இங்கிலீஷில்தான் போக வேண்டும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கல்வி அலுவலகமே இதுவரை பார்க்காத மாதிரி ஒரு தப்பும் இல்லாத மனு எழுதிக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். "பணிவுடன் இறைஞ்சி விண்ணப்பித்துக்கொள்கிறேன்" என்பதற்கு இங்கிலீஷில் நம்மவர்கள் எழுதும் நீட்டி முழக்கல்களையெல்லாம் என் புத்தகம் தப்புப் பக்கத்தில் போட்டிருந்தது. சொல்ல வந்ததை நேராகச் சொல் என்பது அதன் கட்டளை. நான் நேராகச் சொன்னேன். நாலே வாக்கியம். நான் இன்ன பள்ளியில் வேலை செய்கிறேன். என் கணவரும் குழந்தையும் செஞ்சியில் இருக்கிறார்கள். எனக்குச் செஞ்சிக்கு மாற்றல் வேண்டும். சீக்கிரம் பதில் எழுதவும்.

பதில் சீக்கிரமாகவே வந்தது. உரிய முறையில் மனு எழுதப்படவில்லை என்று என் தாளின் ஓரத்திலேயே கிறுக்கித் திருப்பியிருந்தார்கள். அதே நாலு வாக்கியத்தை இன்னும் நல்ல தாளில் எழுதி மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. விசாரிக்கப் போன என் கணவரிடம் அங்கே ஒரு குமாஸ்தா, "உங்க வூட்டம்மா எங்களுக்கு ஆர்டர் போடுற மாதிரி எழுதியிருக்காங்களே சார்" என்று சிரித்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரே சண்டை.

"உன் இங்கிலீஷ்ல தப்பு இல்ல, சரி. பணிவு எங்க இருக்குது? தாலுக்கா ஆபீஸ் புளியமரத்தடியில மனு எழுதுறாரே, அவர்கிட்ட போலாம். ஊருக்கே அவர்தான எழுதித் தராரு, அக்காவோட வேலை மனுவைக்கூட" என்றார் கணவர்.

"அவரா? அவர் எழுதுறதுல வரிக்கு நாலு தப்பு இருக்கும். அதுல நான் கையெழுத்துப் போடணுமா?"

"தப்போ ரைட்டோ, அவர் எழுதினா வேலை நடக்குது இல்ல?"

"நடக்கட்டும். என் மனுவை நான்தான் எழுதுவேன்."

நாத்தனார் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெளியூரில் வேலை பார்த்த ஆசிரியைகள் அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்த ஒரு காரியம் உண்டு. திடீரென்று உடம்புக்கு முடியாமல் வீட்டிலேயே தங்க நேர்ந்தால் லீவு லெட்டர் எழுத ஆகும் என்று, இரண்டு மூன்று வெள்ளைத்தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்துவிடுவோம். மேலே வேண்டியதை யாராவது எழுதித் தபாலில் சேர்த்துவிடுவார்கள். என் தாள்கள் அலமாரியில், கணவரின் இலக்கணப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தன.

ஒன்றரை மாதம் கழித்து மலையடிவாரப் பள்ளிக்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. மாற்றல் மனு தொடர்பாக வரும் சனிக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்ட்ரஸ் முன் நேரில் வர வேண்டும் என்று இருந்தது. என் நாலு வாக்கியம் கடைசியில் ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன். கணவரும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். வழியெல்லாம் அவர் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. அலுவலகத்தில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் நெற்றிக் குங்குமத்தில் அவர் பார்வை நின்றது. பிறகு தலையில் வைத்திருந்த கனகாம்பரத்துக்குப் போனது.

"உங்க வீட்டுக்காரர் காலமாகி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் காது சரியில்லையோ என்று இருந்தது. "அவர் வெளியில பெஞ்சில உக்காந்திருக்காருங்க" என்றேன்.

அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். டைப் அடித்த மனு. அடியில் இருந்தது என் கையெழுத்தேதான். படித்தேன். தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து இந்த அபலை சமர்ப்பிக்கும் சில வரிகள் என்று ஆரம்பித்தது. விஷக்காய்ச்சலில் கணவனைப் பறிகொடுத்து, செஞ்சியில் உடன்பிறந்தவன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் விதவை என்று போனது. தயவு காட்டினால் தங்கள் ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று முடிந்தது. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும், செஞ்சிக்கு மாற்றல் வேண்டும் என்று, மற்ற வரிகளோடு ஒட்டாமல் நின்றது. இத்தனைக்கும் நடுவில் என் புத்தி தப்புகளை எண்ணப் பார்த்தது. என்ன ஜென்மமோ நான்!

"இதை நீங்க எழுதலையா?"

"இல்லைங்க."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

பொய்த் தகவல் கொடுத்து மாற்றல் கேட்டால் வேலையே போகும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். அலமாரியில் வைத்த வெள்ளைத்தாள்கள் நினைவுக்கு வந்தன. வெளியே உட்கார்ந்திருக்கும் மனுஷனின் அசட்டுச் சிரிப்புக்கும் அர்த்தம் புரிந்தது. யாரோ மோசம் செய்துவிட்டார்கள் என்று அழுதால் தப்பிக்கலாம் போல இருந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு, "இதுல இருக்கிறது எல்லாமே பொய்யில்லைங்க. இது என் நாத்தனாரோட கதை. அவங்கதான் தம்பி வீட்டுல இருக்காங்க. ஆஸ்டல் சமையல் வேலை கேட்டு அவங்க ஒரு மனு போட்டாங்க, நாலு வருஷமாச்சு. இது அந்த மனுதான்னு நினைக்கிறேன்" என்றேன்.

"அதுக்குப் பதில் வந்துச்சா?"

"வரலைங்க."

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்ததை அங்கேயே உட்கார்ந்து விளக்கமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, "உங்க விஷயம் அப்புறம் பார்க்கலாம். அந்தம்மாவைப் புதுசா ஒண்ணு எழுதச் சொல்லுங்க. பயிற்சிப் பள்ளி விடுதியில சமையலுக்கு ஆள் இல்ல" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கணவரைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "புளியமரத்தடிக்காரர்கிட்ட உன் கையெழுத்துத் தாளைக் குடுத்து, அக்காவுக்கு எழுதின மாதிரியே உருக்கமா எழுதுங்கன்னுதான் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வந்தாத்தானே?" என்றார். கோபம் தீராமல் செஞ்சியில் இறங்கியதும் நேராகப் புளியமரத்தடிக்குப் போனேன். மனு எழுதுகிறவர் வயசாளி. என் சத்தத்தைக் கேட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, பொம்பளைங்க மனுன்னு வந்ததெல்லாம் இதுவரிக்கும் புருசன் செத்தவங்க மனுதாம்மா. வேலை பாக்குற பொம்பளை, புருசன் இருக்கறப்பவே மனு குடுத்து நான் பாத்ததில்ல. பழைய நகலை வெச்சுக்குனு பேரையும் ஊரையும் மாத்தினேன். அந்த வரியை எடுக்கணும்னு தோணவே இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் அவரைத் திட்டாமல் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் நாத்தனார் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா, என் மனுவுல இன்னா எழுதியிருந்துச்சு? நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். யாரும் படிச்சுச் சொல்லலை" என்றார்.

ஊரில் எல்லார் இங்கிலீஷையும் திருத்திய எனக்கு, வீட்டில் இருந்தவரின் மனுவை ஒரு தடவை வாங்கிப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. நினைவில் இருந்தவரை தமிழில் சொன்னேன். விஷக்காய்ச்சலில் கணவர் இறந்தார் என்ற இடம் வந்ததும் என்னை நிறுத்தினார்.

"காய்ச்சலா? இன்னாம்மா சொல்ற? அவர் கெணத்துல இல்ல போனாரு."

செஞ்சிப் பக்கம் மண்வெட்டிக்கு வழிவிடுகிற பூமி கொஞ்சம்தான். கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். வெடி வைத்துத்தான் கிணறு தோண்ட வேண்டும். கிணறு வெட்டும் வேலைக்குப் போன தன் கணவர், தளவானூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் கிணற்றில் வெடிக்காமல் போன குழியைப் பார்க்க இறங்கியபோது அது வெடித்துவிட்டது என்று நாத்தனார் சொன்னார். அன்றைக்குக் கணவரிடம் இரண்டு சட்டைகள் இருந்தனவாம். நல்ல சட்டையை வீட்டில் வைத்துவிட்டு, கிழிந்ததைப் போட்டுக்கொண்டு போனாராம். இதை என் கல்யாணத்துக்குப் பிறகு நாத்தனார் என்னிடம் பேசியதே கிடையாது. நானும் கேட்டதில்லை.

"அப்ப சர்க்கார் காயிதத்துல அவர் காய்ச்சல்ல செத்தாருன்னு இருக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேலை கிடைக்காததைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காவுக்கு வேலை கிடைச்சு அவங்க போயிட்டா பாப்பாவை யார் பார்த்துக்கறது? உன் மாற்றல் வரட்டும், அதுக்கப்புறம் எழுதலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் தூங்கவே போவதில்லை என்று நினைத்தேன், அசதியில் நன்றாகவே தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தபோது மனசில் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை அலமாரியில் வைத்துப் பூட்டி என் பிள்ளையை வளர்க்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எழுதுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினோம். அவர் தமிழில் சொன்னார், நான் இங்கிலீஷில் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். கிணறு, வெடி, எந்த ஊர், எந்த மாதம் எல்லாம் இருக்க வேண்டும் என்றார். ஐம்பது பேருக்குச் சமைக்க முடியும் என்று நான் எழுதியதை, "கல்யாணத்துக்கு எரநூறு பேருக்கு ஆக்கியிருக்கேன், அதைப் போடு" என்று திருத்தினார். பணிந்து கும்பிடுகிற வார்த்தைகளை நான் சேர்க்கவா என்று கேட்டேன். ஒரு தடவை சேர்க்கச் சொன்னார், ஆரம்பத்தில் மட்டும். என் புத்தகம் ஒத்துக்கொள்ளாது என்றாலும் சேர்த்தேன். கடைசியில் அவர் தன் பெயரைத் தமிழில், எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, போட்டார். நான் அந்த வார பஸ்ஸைத் தவறவிட்டேன். திங்கட்கிழமைக்கு ஒரு நாள் லீவு போட்டேன். லீவு லெட்டரை என் கையாலேயே எழுதினேன்.

எனக்கு வந்த பதில் எச்சரிக்கை மெமோ. இனி இப்படி நடந்தால் நடவடிக்கை எடுக்கப்படும், மாற்றல் மனு நிராகரிக்கப்படுகிறது. வேலை தப்பியதே பெரிது. அடுத்த மாதம் நாத்தனாருக்கு ஆர்டர் வந்தது. விழுப்புரம் பயிற்சிப் பள்ளி விடுதியில் சமையல் வேலை, தங்குவதும் அங்கேயே. ஆர்டரை நான் படித்துச் சொன்னபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஆனால் இரண்டு அழுகையும் ஒன்றல்ல. பாப்பாவை எங்கே விடுவது என்று எனக்குப் பயமாக இருந்தது.

வேறு வழி யோசிக்க ஒன்றும் இல்லை. மகளை என்னோடு மலையடிவாரத்துக்கே கூட்டிப் போவது என்று சொல்லிவிட்டேன். அங்கே இன்னொரு டீச்சரோடு ஒரே ஒரு அறையில் குடியிருந்தேன். பகலில் வகுப்பிலேயே ஒரு மூலையில் பாய் போட்டு உட்கார வைக்கலாம். தலைமையாசிரியர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும் என்று இருந்தேன். கணவர் சனி ஞாயிறுகளில் தானே அங்கே வருவதாகச் சொன்னார்.

இரண்டு பயணமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் முதலில் கிளம்புவதாக இருந்தது. நாத்தனார் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். என் மகள் அவர் இடுப்பில். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ரசத்தில் மிளகு காரம் தாங்கமாட்டாள். தலைக்கு ஊற்றினால் சாயங்காலம் மூக்கு ஒழுகும். பயந்தால் இடது காதைப் பிடித்துக்கொள்வாள், அப்போது எதுவும் கேட்காமல் தூக்கிக்கொள்ள வேண்டும். தூங்க வைக்கப் பாட்டு வேண்டாம், முதுகில் தட்டினால் போதும். என் மகளைப் பற்றி எனக்கு இவ்வளவும் தெரியாது. கண்டக்டர் விசில் ஊதும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டார். பஸ் நகர்ந்ததும் இவள் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் நிற்கவில்லை. "அத்தை எப்ப வரும்?" என்று கேட்டாள். நாளைக்கு வந்துவிடுவார் என்று சொல்லச் சொல்லிக் கணவர் ஜன்னலுக்கு வெளியே இருந்து சைகை காட்டினார். நான் அப்படிச் சொல்லவில்லை. "அத்தை வேலைக்குப் போயிருக்குது. லீவு விட்டாத்தான் வரும். அதுவரிக்கும் நீ என்கூடதான் இருப்ப" என்றேன். அழுகை இன்னும் பலமாயிற்று. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், யார் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு போகிறவளைப் பார்ப்பது போல. நான் அசையவில்லை. திருவண்ணாமலை வரும் வரை அழுதாள். பஸ் மாறி, சங்கராபுரம் ரோட்டில் போகும்போது, காதைப் பிடித்தபடியே என் மேல் சாய்ந்தாள். முதுகில் தட்டிக் கொடுத்தேன். தூங்கிவிட்டாள்.